டேப் அக்கா வீட்டுப் பரணில் இருப்பதாகச் சொல்லப்பட்டவை

வதந்தி ஒரு லிஃப்டுக்குள் பிறந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இன்ஷூரன்ஸ் அலுவலகக் கட்டடம் ஒன்றில், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர் மட்டும் இருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், பாலிசி விஷயமாக வந்தவர். மாட்டிக்கொண்ட ஆளோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் கம்பெனி விதி. ஆள் பதறாமல் இருப்பாராம்.

"பொழுதுபோக்குக்கு என்ன சார் பண்ணுவீங்க?" என்று கதவிடுக்கு வழியாக மெக்கானிக் கேட்டார்.

"பழைய டிவி சீரியல் பார்ப்பேன். 'கிழக்குப் படிக்கட்டு'ன்னு ஒண்ணு. இருபத்தாறு பாகம். அதுல ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இல்ல. ஸ்டேஷன்லயே அழிச்சுத் தொலைச்சிட்டாங்க."

"அட! என் வீட்டுக்காரியோட அக்கா அந்த ஸ்டேஷன்ல டேப் லைப்ரரிலதான் இருந்தாங்க. இப்ப எங்களோடதான் இருக்காங்க. பரண் பூரா டேப் பெட்டிதான், போங்க."

லிஃப்டுக்குள் சத்தமே இல்லை. ஆள் மயங்கிவிட்டாரோ என்று மெக்கானிக் கதவைத் தட்டினார். "சார்? சார்?"

"எத்தனை பெட்டி?" என்று ஒரு குரல் வந்தது.

அன்று மத்தியானமே ரசிகர் குழுவில் செய்தி வந்தது. 'நான்கு பாகங்களும் பத்திரமாக இருக்கின்றன. நிலையத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரின் வீட்டில். மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம்.' குழுவில் நானூற்றுப் பத்துப் பேர். நானூற்றுப் பத்துப் பேரும் மேற்கொண்டு கேட்டார்கள்.

முன்னாள் ஊழியருக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தொரு வருஷம் டேப் லைப்ரரியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கையின் வீட்டில் பின்னறையில் இருந்தார். நிலையத்தில் அவரைவிட மூத்த டைரக்டர்கள்கூட 'டேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னாலும், எத்தனாவது அலமாரி, எத்தனாவது தட்டு என்று தலையைத் தூக்காமல் சொல்லிவிடுவார். அந்தக் காலத்து டேப் இரண்டு அங்குல அகலம். பெட்டியோடு தூக்கினால் ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். விலையும் அதிகம். அதனால் டேப் போதாதபோது, ஒளிபரப்பி முடிந்ததில் சிலதை அழித்துவிட்டு அதிலேயே வேறு எதையாவது பதிவு செய்வார்கள். அழிப்பதற்கென்று மேஜை மாதிரி ஒரு காந்த மெஷின். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, டேப்பை அதன் மேல் வைத்து, இந்தப் பக்கம் ஒரு சுற்று, திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் ஒரு சுற்று. அரை நிமிஷ வேலை. அந்த மெஷினும் டேப் அக்காவின் பொறுப்பில்தான் இருந்தது.

தொலைந்துபோன நான்கு பாகங்களுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்றால், அதற்குக் காரணம் ஒரு டைப்பிஸ்ட். 'கிழக்குப் படிக்கட்டு' ஓர் அலுவலகத்தில் நடக்கும் மர்மக் கதை. எட்டாவது பாகத்தின் முடிவில் டைப்பிஸ்ட் ஒரு மேஜை டிராயரைத் திறந்து, உள்ளே பார்த்து, முகம் மாறுகிறாள். பதின்மூன்றாவது பாகத்தில் அந்த டிராயர் காலி. டைப்பிஸ்டும் இல்லை. அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நடுவில் என்ன நடந்தது என்று நாற்பது வருஷமாகச் சண்டை. மேனேஜர் அவளைக் கொலை செய்துவிட்டார் என்பது மருந்துக்கடைக்காரரின் கட்சி. இதை நிரூபிக்க அவர் பத்தொன்பது வருஷமாக ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முந்நூற்று நாற்பது பக்கம் வந்திருந்தது.

சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கூட ஒரு பூகோள டீச்சர்; அவர்தான் குழுவின் செயலாளர். கையில் பிஸ்கட் பாக்கெட்.

"அம்மா, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர். "போலீஸ், கோர்ட் எதுவும் கிடையாது. ஒரே ஒரு தடவை பார்த்தா போதும்."

"எதை?"

"அந்த நாலையும்."

"அதை அழிச்சாச்சுங்க. நானே என் கையால அழிச்சேன்."

மருந்துக்கடைக்காரர் டீச்சரைத் திரும்பிப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். வைத்திருக்கிற ஆள் வேறு என்ன சொல்வார்?

"மாப்பிள்ளை, அந்த ஏணியைப் போடுங்க" என்றார் டேப் அக்கா. "பார்த்துட்டே போகட்டும்."

லிஃப்ட் மெக்கானிக் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மருந்துக்கடைக்காரர் பரணில் ஏறினார். ஆறு பிளாஸ்டிக் பெட்டிகள் இருந்தன. நிலையத்தில் பெட்டி மாற்றியபோது பழையதை எடுத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி வாங்கிக் கொண்டுவந்தவை. முதல் பெட்டியில் பழைய மின்சார ரசீதுகள். இரண்டாவதில் பல்புகள், ஃபியூஸ் போனவை. மூன்றாவது பெட்டியின் முதுகில் மங்கிய பச்சை மையில் எழுதியிருந்தது: 'கிழக்குப் படிக்கட்டு – 11.'

மருந்துக்கடைக்காரர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது ஏணியில் ஒரு படியை விட்டுவிட்டார். மெக்கானிக் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார். மருந்துக்கடைக்காரர் பெட்டியை மேஜை மேல் வைத்துத் திறந்தார். உள்ளே தங்கையின் கம்பளி நூலும் பின்னல் ஊசிகளும், ஒரு கை மட்டும் முடிந்த ஸ்வெட்டரும் இருந்தன.

"அங்கதான் இருந்துதா இது!" என்றாள் தங்கை.

மருந்துக்கடைக்காரர் நூலை வெகுநேரம் பார்த்தார். "அப்ப இதுல இருந்த டேப்?"

"அதுல ஒரு கால்பந்து மேட்ச் பதிவு பண்ணாங்க."

"அந்த மேட்ச் டேப் எங்க?"

"அதையும் அழிச்சு, ஒரு மந்திரி பேசினதைப் பதிவு பண்ணாங்க."

"அது?"

"அது பத்திரமா இருக்கு."

போவதற்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டார். குழுவில் மறுநாள் இப்படிப் போட்டார்: 'பெட்டி உறுதி. உள்ளே இருந்தது மாற்றப்பட்டிருக்கிறது.'

அதற்குப் பிறகு வதந்தி தன் காலிலேயே நடந்தது. முதல் வாரம் டேப்புகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. இரண்டாவது வாரம் வெளிநாட்டுப் பாங்கு லாக்கரில். மூன்றாவது வாரம் டேப் அக்காவுக்கும் சீரியலின் டைரக்டருக்கும் பழைய காதல். அவர் நினைவாக வைத்திருக்கிறார், அதனால்தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. டைரக்டர் அவரிடம் வாழ்நாளில் பேசிய ஒரே வாக்கியம், "பேனா இருக்கா?" என்பது. திருப்பியும் தரவில்லை. யாரோ வீட்டைப் படம் எடுத்து, பரண் பக்கத்து ஜன்னலைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அது குளியலறை ஜன்னல்.

ஒரு நாள் காலை போன் வந்தது. "உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"இருக்கு. டேப்தான் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார் டேப் அக்கா.

இதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடிக்கும்போது தங்கை கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது.

"அக்கா, கோச்சுக்காத. நிஜமாவே எங்கயும் இல்லியா?"

"நீயுமா?"

"இல்ல, அத்தனை பேரு சொல்றாங்களேன்னு..."

"அத்தனை பேர்கிட்டயும் சொன்னது உன் புருஷன் ஒருத்தர்தான்."

டேப் அக்கா ஒரு தலையணை உறையை நான்கு தடவை மடித்துப் பிரித்து மடித்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். இப்போது ஊர் பேர் தெரியாத நானூற்றுப் பத்துப் பேர் மத்தியில் அவருக்குத் திருட்டுப் பட்டம். இதில் கொடுமை, அதைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை, நன்றி சொன்னார்கள். 'காப்பாற்றியவர்' என்று எழுதினார்கள். அதைப் படித்தபோதுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் அவர் காப்பாற்றப் பார்த்தது உண்மை. அழிக்கச் சொல்லிச் சீட்டு வந்ததும், அந்த நான்கு டேப்பையும் வானிலை அறிக்கை டேப்புகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். அவருக்கு எப்போதும் சாயங்கால ஷிஃப்ட் என்பதால், ஒளிபரப்பானபோது அந்த நான்கையும் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பார்வை அறையில் போட்டுப் பார்த்தார். பிடித்திருந்தது. மறுபடி பார்த்தார். ஒன்பது நாள் தள்ளிப் போட்டார். பத்தாவது நாள் மேலதிகாரி வந்து, "என்னம்மா, சீரியலைப் போய் யாரு திரும்பப் பார்க்கப் போறா?" என்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நான்கையும் அழித்தார். அந்த ஒன்பது நாளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் டீச்சருக்கு போன் செய்தார். "டேப் இல்ல. ஆனா நான் பார்த்திருக்கேன், ஒவ்வொண்ணும் மூணு தடவை. வேணும்னா வந்து சொல்றேன். அதோட விட்டுடுங்க."

கூட்டம் டீச்சரின் பள்ளிக்கூடத்தில், பூகோள வகுப்பறையில் நடந்தது. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் முதல் பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். டேப் அக்கா கரும்பலகைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, டேப் லைப்ரரியில் அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்.

"ஒம்போது. டிராயர்ல இருந்தது ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அந்தப் பொண்ணு பேருக்கு. மேனேஜர் ரெண்டு மாசமா குடுக்காம வச்சிருந்தார். பத்து. அவ அதைப் பத்தி மேனேஜர்கிட்ட கேட்கிறா. அவர், நல்லா டைப் அடிக்கிற ஆளை விட மனசு வரலங்கிறார். பதினொண்ணு. அவளுக்கு வழியனுப்பு விழா. பன்னெண்டு. லிஃப்ட் ரிப்பேர் ஆகுது."

"அப்புறம்?" என்றது ஒரு குரல்.

"அவ்வளவுதான்."

வகுப்பறையில் உலக உருண்டை லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ கை பட்டிருக்க வேண்டும்.

"கொலை?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இல்லீங்க."

"முயற்சியாவது?"

"கேக் வெட்டினாங்க."

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றார். அவருக்குக் கோபமில்லை; ஒரு நோயாளிக்கு எடுத்துச் சொல்கிற பொறுமை. "அம்மா, நாற்பது வருஷம் ஆச்சு. நீங்க வேற ஏதோ சீரியலோட போட்டுக் குழப்பிக்கிறீங்க. எட்டாம் பாகத்துல அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்திருக்கீங்களா? டிரான்ஸ்ஃபர் ஆர்டரைப் பார்த்தா யாராவது அப்படி ஆவாங்களா?"

"எனக்கு ஒரு தடவை வந்துது. அப்படித்தான் ஆனேன்" என்றார் கடைசி வரிசையில் ஒரு வங்கி ஊழியர்.

விவாதம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. கடைசியில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். டேப் அக்கா பார்த்ததாகச் சொன்னதை ஏற்கிறவர்கள் மூன்று பேர். ஏற்காதவர்கள் பத்தொன்பது பேர். பின்வரிசை மூலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் கையே தூக்கவில்லை. தீர்மானம் பதிவானது. டேப் அக்காவுக்கு நன்றி சொல்லி, ஒரு பேனா கொடுத்தார்கள்.

படியிறங்கும்போது அந்த அம்மாள் பின்னாலேயே வந்தார். அறுபது வயதிருக்கும். "ஒரு நிமிஷம்" என்றார். "நீங்க சொன்னது சரிதான். கேக்குதான் வெட்டினாங்க. உள்ள அட்டை, மேல மட்டும் கிரீம்."

டேப் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். கன்னம் சரிந்திருந்தது, தலை நரைத்திருந்தது. புருவம் அப்படியே இருந்தது.

"நீங்களா!"

"நான்தான். கொலை ஆனவ."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன். அவர் அவ்வளவு நம்பிக்கையாப் பேசறாரு, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." பிறகு, "நான் அதைப் பார்த்ததே இல்லீங்க. வீட்டுல டிவி கிடையாது. பக்கத்து வீட்டுல பார்க்கலாம்னா, அப்பா விடல. முதல் எட்டு பாகம் வரைக்கும் நான் நடிக்கிறதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சதும் 'போதும்'னுட்டாரு. அதுக்குத்தான் கதையில எனக்கு டிரான்ஸ்ஃபர் போட்டாங்க" என்றார்.

இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள்.

"நான் எப்படி நடிச்சேன்?" என்று கேட்டார் டைப்பிஸ்ட்.

டேப் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "மத்தவங்க எல்லாரும் நடிச்சாங்க. நீங்க நடிக்கல, சும்மா உட்கார்ந்து டைப் அடிச்சீங்க. நான் உங்களை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். கடைசில விழா முடிஞ்சு போகும்போது கதவுகிட்ட நின்னு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீங்க. அதுக்காகத்தான் மூணாவது தடவை போட்டேன்."

டைப்பிஸ்ட் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினார். "எனக்கு நடிப்பெல்லாம் தெரியாதுங்க. டைப் இன்ஸ்டிட்யூட்ல நல்லா அடிக்கிற பொண்ணு வேணும்னு ஸ்டேஷன்லேர்ந்து வந்து கேட்டாங்க, அனுப்பினாங்க. அப்புறம்கூட எங்க வாத்தியார் அந்த விழா பாகத்தைக் கிளாஸ்ல போட்டுக் காட்டினாராம். டைப் அடிக்கிறப்ப எப்படி நிமிர்ந்து உட்காரணும்னு சொல்லிக்குடுக்க. நான் அப்ப அங்க இல்ல."

"கிளாஸ்ல போட்டுக் காட்டினாரா?" டேப் அக்கா எழுந்துவிட்டார். "எதுல போட்டாரு?"

"ஏதோ மெஷின்ல..."

"எங்க டேப்பைப் போடற மெஷின் ஒரு அறை அளவு இருக்கும். அதை யாரும் கிளாசுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. அப்ப டிவில வந்தப்பவே சின்ன கேசட்ல பதிவு பண்ணியிருக்காரு."

சொல்லிவிட்டு மறுபடி மாடியேறினார். வகுப்பறையில் டீச்சர் மட்டும் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். ஏற்றுக்கொண்ட மூன்று பேரில் அவரும் ஒருவர்.

டைப் இன்ஸ்டிட்யூட் இப்போது கம்ப்யூட்டர் சென்டராகியிருந்தது. பழைய வாத்தியாரின் மருமகள் நடத்தினாள். இவர்கள் மூன்று பேரும் போய் விஷயத்தைச் சொன்னதும், "மாமா எதையும் தூக்கிப் போட மாட்டார். அதுதான் எங்களுக்கெல்லாம் தலைவலி" என்று ஓர் இரும்பு அலமாரியைத் திறந்துவிட்டாள். யாரும் வந்து வாங்கிக்கொள்ளாத சர்டிஃபிகேட்டுகளுக்கு அடியில் கேசட் கிடந்தது. மேலே எழுதியிருந்தது: 'உட்காரும் முறை.'

பூஞ்சை பிடித்திருந்தது. மெக்கானிக் ஸ்கூட்டரில் கொண்டுபோகலாம் என்றார். குலுங்கும் என்று டேப் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நிலையத்துக்குப் போனார். அங்கே அந்த மாதிரி கேசட் போடுகிற மெஷின் ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது. நாலு நாள் உலர்த்தி, துடைத்து, ஓட்டினார்கள். இருபத்து நான்கு நிமிஷத்தில் பத்தொன்பது நிமிஷம் வந்தது.

இந்தத் தடவை பூகோள வகுப்பறை போதவில்லை. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இருநூறு பேர். டேப் அக்காவும் டைப்பிஸ்டும் மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். திரையில் கோடு கோடாக ஓடி, பிறகு ஒரு பெண் வந்தாள். இருபது வயது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து டைப் அடித்தாள். கேமரா அவளை விட்டு நகர்ந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தது கேட்டது. டைப்பிஸ்டின் விரல்கள் மடியில் லேசாக அசைந்ததை டேப் அக்கா பார்த்தார். பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார்.

வழியனுப்பு விழா வந்தது. மேனேஜர் பேசினார். கேக் வெட்டினார்கள். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை நடந்தாள். திறந்தாள். போனாள்.

திரும்பவில்லை.

டேப் அக்காவுக்குள் நாற்பது வருஷம் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். சமையலறையில், பஸ்ஸில், பின்னறையில் படுத்துக் கிடக்கையில், எத்தனையோ தடவை.

விளக்கைப் போட்டதும் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கண் சிவந்திருந்தது. "கேக் வெட்டினது உண்மை. அதை நான் ஒத்துக்கறேன்" என்றார். பாதிக் கூட்டம் கை தட்டியது. "ஆனா அவ திரும்பிப் பார்த்ததா அம்மா சொன்னாங்க. இதுல அது இல்ல. அப்ப ஒளிபரப்பானது வேற. இது பாடத்துக்காக வெட்டி ஒட்டினது. அசல் இன்னும் எங்கயோ இருக்கு." மீதிப் பாதி கை தட்டியது.

இருவரும் கூட்டத்தை விட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். வெயில் இன்னும் இருந்தது.

"நீங்க திரும்பினதா நான் சத்தியம் பண்ணியிருப்பேன்" என்றார் டேப் அக்கா.

"நானும்தான் நினைச்சேன். நீங்க சொன்னதுலேர்ந்து."

பிறகு டேப் அக்கா, எதிரே இருந்த செருப்புக்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே, "ஒம்போது நாள் ஒளிச்சு வச்சேன். பத்தாவது நாள் அழிச்சிட்டேன். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. உங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கணும்னு தோணுது" என்றார்.

"அழிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு டேப்புக்கு அரை நிமிஷம்."

டைப்பிஸ்ட் மனதுக்குள் கணக்குப் போட்டார். "நாலுக்கு ரெண்டு நிமிஷம். எங்கப்பா ஒரே வார்த்தையில முடிச்சாரு. அதுக்கு முன்னாடி ஒம்போது நாள் யோசிச்சதாத் தெரியல."

டேப் அக்கா சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூட முடியாமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ் வந்தது. டைப்பிஸ்ட் முதலில் ஏறி, கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைத்து இடம் பிடித்தார்.